கரண்ட் இழைப்புளி

மீன் வேனின் மேலிருந்து மாமா அதை இறக்கியபோது எங்கள் தெருமுனையில் நின்ற இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்களாம். ஆள் நீளத்துக்கு மேல் ஒன்றை வெள்ளை வேட்டியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? மாமா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே வந்த பெரியவர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருய்யா தவறுனது?"

"யாரும் தவறல அண்ணாச்சி. இது பலகை. கடல்ல அலை மேல ஏறி நின்னு வெளையாடுததுக்கு."

அவர் வேட்டிச் சுருளை விரலால் தட்டிப் பார்த்தார். "இங்கன ஏதுவே கடலு? தெப்பக்குளத்துல கூட தண்ணி கெடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சாவு வீடு இல்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றியது.

மாமா என் அம்மாவின் தம்பி. கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை பழகியவர். கோவளம் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற குடில்களுக்குக் கதவு மாட்டப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு முதலாளி இந்த அலைப்பலகை செய்கிற பட்டறை வைத்திருந்தார். மாமா முதலில் அங்கே தூசி கூட்டினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பலகைக்கு உருவம் கொடுக்கிற வேலையை மட்டும் முதலாளி யார் கையிலும் விட்டதில்லை. அந்த வருஷம் மழை தொடங்கிக் கடல் கெட்டு, பட்டறையைப் பூட்டும்போதுதான் இழைக்காத பலகை ஒன்றை மாமாவிடம் கொடுத்து, ஊரில் வைத்து இழைத்து முடி, நானே வந்து பார்க்கிறேன், கை சரியாக இருந்தால் சீசனுக்கு இழைப்பு வேலை உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேலையோடு சேர்த்து பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடும் உண்டு.

"நீயும் பிள்ளையும் அங்கன வந்துருங்கக்கா" என்றார் மாமா. "கண்ணாடி நாருல நெய்ஞ்ச துணி ஒண்ணு பலகை மேல ஒட்டணும். அத அளந்து வெட்டுததுக்கு ஆள் தேடுதாரு. உனக்குத் தெரியாத துணியா?"

அம்மா தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிடும்போது, "ஏட்டி, கடல்னா உனக்குப் பயமா இருக்குமா?" என்றாள்.

"ஆமா."

"எனக்குந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவின் பல்வரிசை சீரானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாங்கள் இருந்தது பெரியப்பா வீட்டில். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் இருந்தோம் என்பதைவிட, அவருடைய விசைத்தறிக் கொட்டகையில் இருந்தோம் என்று சொல்வதுதான் சரி. வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. காலையில் அந்தக் கதவு வழியாக உள்ளே போகிற அம்மா விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவாள். கூலி என்று எதுவும் கிடையாது. சோறும் இடமும்தான். ஒருநாள் பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவ இல்லன்னா எங்க வீட்டுல ஒண்ணும் ஓடாது பாத்துக்கோ" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்குக் கொட்டகையின் ஒரு மூலையை பெரியப்பா மறுக்காமல் விட்டுக்கொடுத்தார். விற்ற தறி ஒன்று இருந்த இடம். "மாப்ள, நம்ம இடம்தான, செய்யி. ஊருக்கே பெருமல்லா" என்றார். மாமா பழைய சேலைகளைத் தொங்கவிட்டு அந்த மூலையை மறைத்தார். சுவருக்குக் கரு நீலம் அடித்தார். டியூப் லைட்டை உத்தரத்தில் மாட்டாமல் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் மாட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கு மேலே இருந்தால் பலகை முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும் என்றும், பக்கத்திலிருந்து அடித்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும் என்றும் மாமா சொன்னார்.

வேட்டியை அவிழ்த்ததும் பலகையைப் பார்த்தேன். தெர்மாகோல் மாதிரி, ஆனால் அதைவிட இறுக்கமான ஃபோம். நடுவில் முதுகெலும்பு போல ஒரு மெல்லிய மரச்சட்டம் தலையிலிருந்து வால் வரை ஓடியது. அச்சில் வார்த்ததால் மேலே ஒரு சொரசொரப்பான தோல். அந்தத் தோலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தோலுக்கு அடியில் உள்ளதுதான் உறுதியான பகுதி. அதற்கும் கீழே போகப் போக இட்லி மாதிரிப் பொதபொதவென்று இருக்கும் என்று மாமா எச்சரிக்கையாகச் சொன்னார். "தோல மட்டும் உரிக்கணும் மக்கா. சதையத் தொட்டம்னா போச்சு."

உரிக்கிறதற்கு அவர் வைத்திருந்தது கரண்ட் இழைப்புளி. இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எதைக் கண்டாலும் பயம். இன்றைக்கும் கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். அப்போது எனக்கு இருந்த எல்லாப் பயத்துக்கும் சேர்த்து அந்த மெஷின் ஒன்று போதும். கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். அடியில் ஒரு உருளை. உருளையில் பதித்த கத்திகள். பொத்தானை அழுத்தினால் தறிச் சத்தத்தையே அமுக்கிக்கொண்டு ஊளையிடும். மாமா வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் நிற்காமல் நடப்பார். நடுவில் நின்றால் அந்த இடத்தில் குழி விழுந்துவிடும். நடக்க நடக்கவே பெருவிரலால் ஒரு திருகைத் திருப்பி, கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கூட்டிக் குறைப்பார். வெள்ளைத் தூள் பறந்து அவர் புருவத்தில் படியும். நான் அவர் விரல்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"எண்ணிட்டியா ஏட்டி? சரியா இருக்கா?" என்பார்.

கோமதி அம்மன் சந்நிதியில் எனக்கு அந்தச் சமயத்தில் வேறு வேண்டுதலே கிடையாது. மாமா விரல். அவ்வளவுதான்.

பலகையைப் பார்க்கத் தெருவே வந்தது. "துணி தேய்க்கதுக்கா வே?" என்றார் ஒருவர். "இதுல நின்னா உடுப்பு நனையாதா?" என்றாள் ஒருத்தி. தறிக்கு நூல் தார் சுற்ற வருகிற அக்கா ஒருத்தி, "இம்புட்டுப் பெரிய மீனுக்கு இன்னும் வால் மொளைக்கலியே" என்றாள். மாமா எல்லாவற்றுக்கும் சிரித்தார். ஆனால் யாரையும் தொட விடமாட்டார். கையில் எண்ணெய் இருந்தால் ஃபோம் குடித்துவிடும், பிறகு போகவே போகாது என்று எல்லோரிடமும் சொன்னார். மேலே நிறம் பூசக் கூடாது, ஓட்டை அடைக்கக் கூடாது, வெறும் பலகையைத்தான் முதலாளி பார்ப்பார் என்றும் சொன்னார். பெரியம்மா இதைக் கேட்டுக்கொண்டு சேலை மறைப்புக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வெள்ளையாவே இருக்கணுமாக்கும்?" என்று கேட்டாள். "ஆமாக்கா, தும்பைப் பூ மாதிரி" என்றார் மாமா.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பலகை முடிந்தது. தலை கூராக, வயிறு அகலமாக, ஓரம் எல்லாம் கன்னம் மாதிரி உருண்டு இருந்தது. மாமா மெஷினை அணைத்துவிட்டு லைட்டை மட்டும் எரியவிட்டு, இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். எங்கும் நிழல் உடையவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். தறியை அவள் தானாக நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எலே, நல்லா வந்துருக்குலே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உடனே போய்த் தறியை ஓட்டினாள். மாமா தூசியோடு குளிக்கப் போனார்.

பெரியம்மா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்தாள். கையில் தாம்பாளம், குங்குமம், கிண்ணத்தில் தீர்த்தம். "வேலை முடிஞ்சிருச்சு, அம்மனுக்குக் காட்டாம வைக்கலாமா" என்று சொல்லிக்கொண்டே சேலையை விலக்கி உள்ளே வந்தாள். என்னைக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் கும்பிட்டேன். தீர்த்தத்தில் குங்குமத்தைக் குழைத்து, மோதிர விரலால் பலகையின் நட்டநடுவில், மரச்சட்டத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். பெரிய பொட்டு. எனக்கு ரொம்ப சந்தோஷம். அம்மனே வந்துவிட்ட பிறகு விரலுக்கு என்ன பயம்?

வளர்ந்த பிறகு பெரியம்மா எனக்கு எடுத்துக் கொடுத்த தாவணியில் மஞ்சள் எங்கே இருந்தது என்று பார்த்தேன். முந்தி ஓரத்து மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில். புதுத்துணிக்கு ஓரத்தில்தான் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் அது தெரியும். பெரியம்மா சாயப்பட்டறைக்காரர் வீட்டில் பிறந்தவள் வேறு. வெள்ளையில் ஈரச் சிவப்பு என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பக்தியில் செய்தாளா, தெரிந்தே செய்தாளா என்று எனக்கு இன்று வரைக்கும் உறுதியில்லை. ஒருநாள் இப்படித் தோன்றும், ஒருநாள் அப்படித் தோன்றும். தூக்கம் மட்டும் எல்லா நாளும் கெடும்.

குளித்துவிட்டு வந்த மாமா சேலையை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது.

"யாரு வச்சது?"

"பெரியம்மா. அம்மன் குங்குமம் மாமா" என்றேன், ஆசையாக.

பஞ்சால் ஒற்றினார். பொட்டு இன்னும் பரந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். மேலே இருந்தது போனது. உள்ளே இருந்தது சிரித்தது. தோல் உரித்த ஃபோமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அது குடித்துவிட்டது. போதாததற்கு நூலில் சாயம் ஏறுகிற மாதிரி, மரச்சட்டத்தின் ஓரமாகச் சிவப்பு மேலும் கீழும் ஓடியிருந்தது. அம்மா தறியை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினாள்.

பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "அம்மன் குங்குமம்தான மாப்ள? அது தோஷமா? அவரு பாத்தா கும்பிட்டுக்கிடுவாரு."

"அவரு கும்பிடுத ஆளு இல்ல அத்தான்."

"அப்பம் கொஞ்சம் சீவி விடு. மெஷின்தான் இருக்குல்லா? கைல மெஷின வச்சிக்கிட்டு எதுக்கு முழிக்க?"

அவர் போன பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள். "உள்ளத உள்ளபடி போன்ல சொல்லிருலே."

"என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுல பலகைக்குப் பொட்டு வச்சாவன்னா? பலகை மேலயே கண்ணா இருந்துருக்கணும்பாரு. அவரு சொல்லுதது சரியாத்தான் இருக்கும். இந்த ஃபோம் வெளிநாட்டுலருந்து கப்பல்ல வாரது. இன்னொண்ணு கேக்க முடியாதுக்கா."

மாமா திருகைத் திருப்பினார். மெஷின் ஊளையிட்டது. பொட்டு இருக்கிற இடத்தை மட்டும் சீவ முடியாது, குழி விழுந்துவிடும். தலையிலிருந்து வால் வரை முழுக்கச் சீவ வேண்டும். இடது பக்கம் ஒரு நடை, வலது பக்கம் ஒரு நடை. ஃபோம் சீக்கிரம் இறங்கும், மரம் இறங்காது. மரச்சட்டம் முதுகுத் தண்டு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. அதைச் சின்னக் கை இழைப்புளியால் இறக்கினார். மறுபடி மெஷின். சிவப்பு காசளவு ஆனது, பிறகு நகமளவு. இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று மாமா நடந்துகொண்டே இருந்தார். கழுத்தில் வேர்வையும் தூளும் சேர்ந்து மாவாக வழிந்தது. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையை நான் பார்க்கவில்லை.

சிவப்பு போய்விட்டது. பழையபடி தும்பைப் பூ. மாமா லைட் வைத்துப் பார்த்தார், நிழல் எங்கும் உடையவில்லை. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. சந்தோஷமாகத் தெருவுக்கு விளையாடப் போனேன்.

முதலாளி சொன்னபடியே வந்தார். காரில், கூடவே மனைவி. கோயிலில் ஆடித் தபசுக் கூட்டம் முடிந்த பிறகு அம்மனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த அம்மாவுக்கு ஆசையாம். பெரியம்மா அந்த அம்மாவை உட்காரவைத்துப் பூ கொடுத்தாள். முதலாளி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மாமா, பெரியப்பா, அம்மா, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் நீளத்தைப் பார்த்தார். ஓரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார்.

"ஓரம் அழகா வந்திருக்கு தம்பி. என் கைக்கே இப்படி வராது."

அம்மாவின் உடம்பு தளர்ந்ததை என் முதுகில் உணர்ந்தேன். பிறகு அவர் நடுவில் பெருவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். எடுத்தார். பெருவிரல் அப்படியே பதிந்திருந்தது, பிசைந்த மாவில் பதிந்த மாதிரி.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ன தம்பி, மேல உள்ள பலம் பூராத்தையும் எடுத்துட்டியே. ஒருத்தன் ஏறி நின்னா குதிகால் உள்ள போயிரும். எதுக்கு இவ்வளவு சீவுன?"

மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

எனக்குப் பதில் தெரியும். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த கேள்விக்குக் கை தூக்குகிற அவசரத்தில், "பெரியம்மா..." என்று தொடங்கினேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறங்கின. நகம் பதிகிற மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

"பய புதுசு சார்" என்றார் பெரியப்பா. "மெஷினக் கண்டா கை நிக்க மாட்டேங்கு. நாங்களும் சொல்லிப் பாத்தோம்."

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் அம்மாவைக் கூப்பிட்டது. "ஏட்டி, அவியளுக்குக் காப்பி கொண்டா."

அம்மா போனாள்.

முதலாளி மாமாவின் தோளைத் தட்டினார். கை நல்ல கை, பதட்டம்தான் ஆகாது என்றார். தேய்க்கிற வேலைக்கு எப்போதும் போல வா, இழைக்கிறதற்கு வேறு ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறேன், அவன் குடும்பம் அந்த வீட்டில் வந்து இருக்கட்டும் என்றார். எல்லாம் தன்மையாகத்தான் சொன்னார். போகும்போது எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

ஏன் மாமா சொல்லவில்லை என்று அந்த வயதில் எனக்குக் கோபம். அவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால், முதலாளி நம்பினாலும் நம்பாவிட்டாலும், கார் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது அம்மாவும் நானும்தான். அதை அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அம்மாவும் போட்டிருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்று அதே கொட்டகையில் அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் ஏறிய பிறகுதான் எனக்கு அந்தக் கணக்கு வந்தது. மாமா அடுத்த சில வருஷங்களில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் மூலம் கத்தாருக்கு மர வேலைக்குப் போனார். போனில் பேசுவார். கடலைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

முதலாளி வந்துபோன பிறகு, மாமா மறுபடி கோவளத்துக்குக் கிளம்பிய நாளில் நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். அம்மா வரவில்லை, தறியில் பாவு நூல் ஏற்றுகிற வேலை இருந்தது. மெஷின் மாமாவின் பைக்குள் இருந்தது. நாகர்கோவில் பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி என் கன்னத்தைத் தட்டினார். "அம்மாவப் பாத்துக்கோ மக்கா" என்றார். நான் தலையாட்டினேன். பஸ் கிளம்பியதும் எனக்கு உடம்பே லேசானது மாதிரி இருந்தது. கத்தி வைத்த அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மணம் வந்தது. பெரியப்பா பிரியாணி வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டில் பிரியாணி வாங்கினால் அவர்கள் சாப்பிட்டது போக மிஞ்சியதை அம்மாவும் நானும் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு ஆளுக்கொரு பொட்டலம். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. கொட்டகையிலிருந்து அம்மாவைப் பெரியப்பாவே குரல் கொடுத்துக் கூப்பிட்டார். தறி நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்புடு மக்கா, சூடு ஆறிரும்" என்று பெரியம்மா தன் இலையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள்.

அம்மா தன் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பசிக்கலியாம்மா?"

"நீ தின்னு."

இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன். அவ்வளவு நல்ல நாள் எங்களுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை என்றுதான் நினைத்தேன்.